கார்த்திகைக் கட்டம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு நாற்பத்தாறு. ஆரம்பத்தில் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

குரு அருளப்பன், மணற்கோடி கடல் ஆய்வு நிலையத்தில் பேராசிரியர். சீடர் மங்கையர்க்கரசி, அங்கிருந்து இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். அந்தப் பெயர் முழுதாக அடங்க எந்தப் படிவத்திலும் கட்டம் போதாது. நாமும் மங்கை என்றே வைத்துக்கொள்வோம்.

மங்கை ஆறு வருடமாக ஒரு நண்டின் பின்னால் அலைந்தார். கழிமுகச் சேற்றில் வளை தோண்டி வாழும் சின்ன நண்டு அது. ஆணுக்கு ஒரு கை மட்டும் பெருத்திருக்கும். அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். ஊரில் கைகாட்டி நண்டு என்பார்கள். யாரும் சமைப்பதில்லை, உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அது எந்த மாதம் சினை பிடிக்கிறது, எந்த மாதம் ஓய்கிறது என்று இருபத்துநாலு மாதம் எண்ணவேண்டும். எண்ணி முடித்தால் முனைவர் பட்டம்.

இதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று பள்ளியில் கேட்காதவர் இல்லை. மங்கையே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டார்.

அமாவாசைக்குத் தண்ணீர் நன்றாக வற்றும். அன்றைக்குப் போகவேண்டும். அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருகிற ரகம் இல்லை. அரை நாள் விடுப்பு எழுதிக்கொண்டு போனால் தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். "நண்டு டீச்சர் கிளம்பிட்டாங்க" என்று பின்னால் யாராவது சொல்வார்கள். முழங்கால் வரை சேறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். வீட்டுக்குப் போனால் பாத்திரம் கிடக்கும்.

எல்லாம் முடிந்தது. எண்ணி முடித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. எழுதியும் முடித்துவிட்டார். அருளப்பன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாகவேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடமும் தண்ணீரில் போனது.

அதற்காகத்தான் அன்று காலை வந்திருந்தார். கார்த்திகை அமாவாசை. வானம் மூடிக்கிடந்தது. கையெழுத்து வாங்குகிற நாள் என்று நல்ல சேலையாக எடுத்துக் கட்டியிருந்தார்.

அருளப்பன் ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டுக் களக்குறிப்பு நோட்டைத் திறந்தார். அந்த மனுஷர் எதையும் மெதுவாகத்தான் செய்வார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"இந்த நோட்டுல எல்லாப் பக்கத்துலயும் சேறு இருக்கு."

"சேத்துல நின்னு எழுதினது சார்."

"இந்த ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா இருக்கே."

இரண்டாம் வருடக் கார்த்திகைப் பக்கம். சினை நண்டு என்ற கட்டத்தில் ஒரு சுழி இருந்தது. நிதானமான, வட்டமான சுழி. சேற்றில் நின்றுகொண்டு யாரும் அப்படி ஒரு சுழி போட முடியாது.

மங்கைக்குக் காது சூடாகியது. பிள்ளைகள் காப்பியடித்து மாட்டினால் எப்படி முழிப்பார்கள் என்று இருபது வருடமாகப் பார்த்தவர். இப்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"அன்னிக்குப் போகல சார்."

"ம்."

"புயல் வந்துச்சுல்ல."

அருளப்பன் அந்தச் சுழியையே பார்த்தார். அந்த வருடம் புயல் வந்தது அமாவாசைக்கு நாலு நாள் கழித்து. மணற்கோடியிலேயே இத்தனை வருடம் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பேசாமல் இருக்கிறார் என்பது மங்கைக்கும் தெரிந்தது. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

சங்கடம் கொஞ்ச நேரத்தில் எரிச்சலாக மாறியது.

"முத வருஷம் போனேன் சார். கார்த்திகை மழையில நாற்பது எடத்துல சதுரச் சட்டம் போட்டு எண்ணினேன். ஒரு சினை நண்டு இல்ல. உங்க ஆய்வுலயும் கார்த்திகைக்கு சைபர்தான். மழைக்காலம் அதுக்கு ஓய்வு காலம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ஊரெல்லாம் அவங்கவங்க ஆய்வுல அதைத்தான் எடுத்துப் போடுறாங்க. அந்த ஒரு வருஷம் மட்டும் புதுசா எங்கேர்ந்து வந்துடப் போகுது?"

"சரி."

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"இல்லாத ஒண்ணை இல்லைன்னு எழுதறதுக்கும் நேர்ல போய்த்தான் ஆகணுமா சார்?"

அருளப்பன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அதை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அருளப்பன் பட்டம் வாங்கியதும் இதே நண்டில்தான், இதே சேற்றில்தான். மழைக்காலத்தில் இந்த நண்டு சினை பிடிப்பதில்லை என்று முதலில் சொன்னவர் அவர். அந்த ஒரு வரிதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, வேலையும் வாங்கிக் கொடுத்தது. மங்கை முதல் நாள் வந்து சேர்ந்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "எந்த மாசம் விட்டாலும் கார்த்திகையை விட்டுடாதீங்க டீச்சர்." எல்லா வாத்தியார்களும் சொல்வது போலச் சொல்கிறார் என்று மங்கை நினைத்துக்கொண்டார்.

முதல் வருடக் கார்த்திகைக்கு நனைந்து போய் வந்து "ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னபோது, "நல்லாப் பாத்தீங்களா?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் "பாத்தேன்" என்று மங்கை சொன்னார். அன்று அருளப்பன் டீயும் பட்டர் பன்னும் வாங்கிக் கொடுத்தார். ஆறு வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

இப்போது அவர் நோட்டில் இரண்டு பக்கம் தள்ளித் தை மாதத்தை எடுத்தார்.

"தையில பொடிக்குஞ்சு எத்தனை போட்டிருக்கீங்க?"

"நூத்தி நாற்பத்திரண்டு."

"முத வருஷம்?"

"நூத்திப் பதினெட்டு. ரெண்டு வருஷமும் தையிலதான் நிறைய."

"எவ்வளவு பெரிசு இருந்துச்சு?"

"பெரிசா? ஒவ்வொண்ணும் அரிசி அளவு சார்."

"முட்டை பொரிஞ்சதும் குஞ்சு கடலுக்குப் போயிடும். திரும்பிச் சேத்துக்கு வர எத்தனை நாள் ஆகும்?"

"நாலு வாரம்." இது அவருக்குத் தூக்கத்திலும் வரும்.

"தையிலேர்ந்து நாலு வாரம் பின்னாடி போங்க."

"மார்கழி."

"மார்கழி ஆரம்பத்துல பொரியணும்னா, எப்ப சினையா இருந்திருக்கணும்?"

மங்கை விரலை மடக்கி எண்ணினார். கார்த்திகையில் வந்து நின்றது.

"யாரு பெத்த புள்ளைங்க டீச்சர் இதெல்லாம்?"

"வேற கழிமுகத்துலேர்ந்து அலையில வந்திருக்கும் சார்."

"வந்திருக்கலாம்." அருளப்பன் எழுந்தார். "மூணு மணிக்குத் தண்ணி வத்தும். போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"இன்னிக்கா?"

"கார்த்திகை அமாவாசை இன்னிக்குத்தானே."

"நான் கையெழுத்து வாங்க வந்தேன் சார்."

அது கெஞ்சல் போலவே ஒலித்தது. அருளப்பன் காதில் வாங்கிக்கொள்ளாமல் அலமாரியிலிருந்து அளவுச் சட்டத்தை எடுத்தார். நாலு குழாயை இணைத்துச் செய்த சதுரம். இதைச் சேற்றில் போட்டு, உள்ளே அகப்படுகிற நண்டை எண்ணவேண்டும். இரண்டு வருடம் மங்கை தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த சட்டம். அதைப் பார்த்ததுமே அவருக்கு முழங்கால் வலித்தது.

சேற்றுவெளி முகத்துவாரம் வரை கருப்பாக விரிந்து கிடந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மங்கை செருப்பைக் கரையில் விட்டார், சேலையைத் தூக்கிச் செருகினார். மனதுக்குள் அந்தச் சேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

நடக்கும்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. சார் தன்னோடு சித்திரையில் வந்திருக்கிறார். ஆடிக் காற்றில் வந்திருக்கிறார். மாசியில் இரண்டு தரம். கார்த்திகையில் ஒருதரம்கூட வந்ததில்லை. மழை சேராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

"உங்க வழக்கப்படியே எண்ணுங்க" என்றார் அருளப்பன்.

வழக்கம் என்பது அருளப்பனுடைய ஆய்வேட்டிலிருந்து எடுத்ததுதான். சட்டத்தைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும். வெளியே வருகிற நண்டைப் பிடிக்கவேண்டும். பிறகு வாய் திறந்திருக்கிற வளை ஒவ்வொன்றையும் தோண்டி உள்ளே இருப்பதைப் பிடிக்கவேண்டும். பெண்ணாக இருந்தால் திருப்பி, வயிற்று மடலுக்குள் சினை இருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும்.

மங்கை பத்துச் சட்டம் போட்டார். கை தானாகவே வேலை செய்தது. ஆண் இருந்தது. இளசு இருந்தது. பெண் இருந்தது, வயிறு தட்டையாக. பத்துச் சட்டத்திலும் சினை நண்டு ஒன்றுகூட இல்லை.

இடுப்பு விண்ணென்று வலித்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஜெயித்துவிட்ட சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம்.

"பாத்தீங்களா சார்? சைபர்."

"பாத்தேன்."

"போயிடலாமா?"

அருளப்பன் கடைசிச் சட்டத்தின் பக்கத்தில் மண்டி போட்டார். திறந்த வளைகள் எதையும் அவர் தொடவில்லை. வளையே இல்லாத இடத்தில், மட்டமான சேற்றின்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். மங்கைக்கு அவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல இருந்தது.

கை ஓரிடத்தில் நின்றது.

"இங்க தொட்டுப் பாருங்க."

மங்கை குனிந்து தொட்டார். சுற்றிலும் இறுகிய சேறு. அந்த ஒரு இடம் மட்டும், காலணா அகலத்துக்கு, கைக்குழந்தையின் உச்சிக்குழி போல மெத்தென்று அழுந்தியது.

அருளப்பன் அதில் இரண்டு விரலை விட்டார். பிறகு கையை விட்டார். முழங்கை வரை போனது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கன்னம் சேற்றில் படப் படுத்தே விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். கையை உருவியபோது ஒரு பிடி சேறு வந்தது.

"கையை நீட்டுங்க."

மங்கை நீட்டினார். சேறு அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அதற்குள் எதுவோ அசைந்தது. தூறல் விழ விழச் சேறு கரைந்து, ஒரு பெண் நண்டு வெளியே தெரிந்தது. கடிக்கவில்லை, ஓடவும் பார்க்கவில்லை. வயிற்று மடல் மூட முடியாமல் விரிந்து நின்றது. அதற்குள் கடுகுக்கும் சின்னதாக, நெருக்கி நெருக்கி, சாம்பல் நிற முட்டை.

மங்கை கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி. கண். இன்றோ நாளையோ பொரிந்துவிடும்.

சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே விளங்கவில்லை.

"ஒண்ணு இருக்கலாம் சார்" என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "ஒண்ணை வெச்சு என்ன சொல்ல முடியும்?"

"நீங்களே தடவிப் பாருங்க."

அருளப்பன் நண்டை வாங்கி, வந்த குழிக்குள்ளேயே இறக்கினார். ஈரச் சேற்றை உருட்டி வாயை அடைத்து, கட்டைவிரலால் நீவிவிட்டார்.

மங்கை மண்டி போட்டார். தடவத் தெரிந்த பிறகு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு அடைத்த வளைகளைக் கண்டுபிடித்தார். பன்னிரண்டையும் துழாவினார். ஒன்பதில், உள்ளேயிருந்து வாயை அடைத்துக்கொண்டு, சினை நண்டு இருந்தது. ஒன்பதாவது நண்டைத் திரும்ப உள்ளே விட்டபோது அவர் சேலையில் சேறு படாத இடம் என்று எதுவும் இல்லை.

முதல் வருடம் இதே இடத்தில் நாற்பது சட்டம் போட்டிருக்கிறார். இவற்றின் தலைக்கு மேலேயே நின்றிருக்கிறார். நின்றுகொண்டு சைபர் என்று எழுதியிருக்கிறார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியாது. சந்தேகம்தான்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க முத தையில குஞ்சு எண்ணிட்டு வந்தப்பலேர்ந்து."

மங்கை மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"அது மூணு வருஷம் ஆகப்போகுது சார்!"

"ஆமா."

"மூணு வருஷமா வாயைத் தொறக்கல நீங்க. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பேசாம இருந்துட்டு, கையெழுத்துப் போடற அன்னிக்கு என்னை இங்க கொண்டாந்து நிறுத்தறீங்க. என்ன சார் இது? நியாயமா இது?"

"இல்ல."

சண்டைக்கு ஆள் எதிரில் நின்றால்தானே சண்டை போட முடியும். மங்கை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மழை வலுத்தது.

"எனக்கு முடியல சார்" என்றார். "நிஜமா முடியல."

அருளப்பன் சட்டத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நோட்டைத் தன் சட்டைக்குள் செருகினார். மங்கை எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார்.

கரையேறினால் பஸ் நிறுத்தம். தகரக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு. அருளப்பனின் வண்டி நிலையத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவரும் வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். தகரத்தின்மேல் மழை கொட்டியது. ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

மங்கைதான் ஆரம்பித்தார்.

"அந்த ரெண்டாம் வருஷம். புயல் அமாவாசைக்கு அப்புறம்தான் வந்துச்சு."

"ம்."

"அன்னிக்கு நான் வந்தேன் சார். காலையில மூணு பீரியடு எடுத்துட்டு, பஸ் பிடிச்சு, இங்க வந்து எறங்கினேன். மழை. இதே பெஞ்சுலதான் உக்காந்தேன். விட்டதும் போவோம்னு. மழையும் விட்டுச்சு. தண்ணி வத்திக் கிடக்கறது இங்கேர்ந்தே தெரிஞ்சுது. எந்திரிக்கணும்னு நினைக்கிறேன், காலு வரல. வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கும் காய்ச்சல் தலைவலி ஒண்ணும் இல்ல. சும்மா, முடியல. அவ்வளவுதான். மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டேன்."

அருளப்பன் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லல சார். புயல்னு சொன்னா எல்லாரும் நம்பிடறாங்க. முடியலன்னு சொன்னா யாரு நம்புவா?"

"நோட்டு வேணுமா?"

மங்கை வாங்கினார். பையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். பிள்ளைகள் விடைத்தாளில் ஆயிரம் முறை அடித்த கை அது. இரண்டாம் வருடக் கார்த்திகைப் பக்கத்தைத் திறந்து, அந்த வட்டமான சுழியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் "போகவில்லை" என்று எழுதினார்.

பிறகு முதல் வருடக் கார்த்திகைக்குப் புரட்டினார். அது சேறு படிந்த பக்கம். நனைந்து நனைந்து எண்ணிய பக்கம். இதை அடிக்கக் கை வரவில்லை. ஒரு பொய்யும் சொல்லாமல் போட்ட சுழி அது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அதன் குறுக்கேயும் கோடு போட்டு, "மூடிய வளைகளைத் தோண்டவில்லை" என்று எழுதினார்.

எழுதி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. முந்தானையில் துடைத்தால் சேறுதான் முகத்தில் அப்பும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்.

"அவ்வளவுதான் சார். ரெண்டு கட்டமும் போச்சு. மூணாம் அத்தியாயம் போச்சு. ஓய்வு காலம்னு எழுதினது எல்லாம் போச்சு. மாசக் கடைசிக்கு எதைக் கொண்டுபோய்க் குடுக்கறது? பதிவே ரத்தாயிடும்."

"ஒரு வருஷம் நீட்டிச்சுக் குடுக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"போன தடவை கேட்டதுக்கே காரணம் போதாதுன்னுட்டாங்க. உடம்பு, வேலைப்பளு, எதையும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இனிமே எந்தக் காரணத்தைச் சொல்றது?"

அருளப்பன் நோட்டை வாங்கினார். கடைசியில் எழுதாத தாள் ஒன்றைக் கிழித்தார். காலையில் சட்டைப் பையில் மூடி வைத்த பேனாவை எடுத்தார். முழங்காலில் நோட்டை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். எழுத்தில் மழைத்துளி விழாதபடி மேலே குனிந்துகொண்டார்.

"நீங்க கேக்க வேணாம். நான் எழுதறேன். ஒரு காரணம் மட்டும் அவங்களால தட்ட முடியாது."

"என்ன காரணம் சார்?"

"இதுக்கு முன்னாடி வந்த ஆய்வு தப்பு. அதை நம்பித்தான் இவங்க எண்ணினாங்க. அதனால மறுபடியும் எண்ணியாகணும்."

மங்கை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"முன்னாடி வந்தது உங்களோடது சார்."

"ஆமா."

"எல்லாரும் அதைத்தானே சார் எடுத்துப் போட்டிருக்காங்க. உங்க பேரு..."

"ஆமா டீச்சர்."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நாலு வரி. கீழே கையெழுத்துப் போட்டார். மங்கை ஆறு வருடமாகக் காத்திருந்த கையெழுத்து, வேறொரு தாளில் விழுந்தது. தாளை நாலாக மடித்து அவரிடம் நீட்டினார்.

மங்கை அதை வாங்கிப் பையின் உள்ளறையில் நனையாமல் வைத்தார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. களைப்பு மட்டும் மிச்சம் இருந்தது. இன்னொரு வருடம். இன்னும் பன்னிரண்டு அமாவாசை. தலைமையாசிரியையின் கண்ணாடி இப்போதே கண்முன் வந்தது. ஆனாலும் இந்த மனுஷரை இப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏற அவருக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சாதகமாக எதையாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

"நீங்களும் என்னை மாதிரித்தானே சார்? திறந்த வளையை மட்டும் எண்ணியிருப்பீங்க. மூடினது இருக்கும்னு யாருக்குத் தோணும்? பாத்தும் தெரியாமப் போச்சு. அது ஒரு தப்பா?"

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அருளப்பன் அதைப் பார்க்கவில்லை. காய ஆரம்பித்திருந்த தன் கைச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்த வளையையும் எண்ணல டீச்சர்" என்றார். "அந்தக் கார்த்திகையிலயும் இப்படித்தான் மழை. நீங்க இந்த பெஞ்சு வரைக்குமாவது வந்தீங்க. நான் ஹாஸ்டல் ரூமை விட்டே எறங்கல."